அச்சில் திரும்பாத முகம்

மச்சம் சரியான கன்னத்தில் இருந்தது. அதுதான் தப்பு.

செப்புத் தகட்டில் ஊசியால் கீறுவதை அச்சு இடம் வலமாகத் திருப்பிவிடும். அதனால் புகைப்படத்தைக் கண்ணாடியில் காட்டி, அந்தப் பிம்பத்தைப் பார்த்துத்தான் கீற வேண்டும். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவள், இந்த முறை கோட்டை விட்டுவிட்டாள். வெளியூரில் வேலை பார்க்கும் கணவனுக்கு மகளின் படத்தை அனுப்பும் அவசரம்; பார்த்ததை அப்படியே கீறிவிட்டாள். இடது கன்னத்து மச்சம் தாளில் வலது கன்னத்துக்குப் போயிருக்க வேண்டும். ஈரத்தாளை உரித்தபோது அது இடது கன்னத்திலேயே இருந்தது.

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தாடைக்குக் கீழே நிழல் வேறு வெளிறிக் கிடந்தது. கோடுகளை மட்டும் விட்டு மெழுகு பூசி, அமிலம் அவற்றை இன்னும் ஆழமாக அரித்துக் கருமை கூட்டட்டும் என்று தகட்டை மறுபடி தொட்டியில் இறக்கினாள். மூக்கை அரிக்கும் நெடி எழுந்தது, தொட்டியில் குமிழ்கள் மெல்லப் பொரிந்தன, அந்தச் சத்தத்துக்கு அப்பால் வீட்டில் வேறு சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நிமிடம் சும்மா இருந்தால் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்க்க வேண்டிய பிள்ளை. பக்கத்து அறையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இடது கையால்.

"என்னடி, கை மாறிப்போச்சு?"

"எப்பவும் இப்படித்தானம்மா."

திரும்பிச் சிரித்தாள். மச்சம் வலது கன்னத்தில். தாய் அருகே போய்க் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. மகளை இழுத்து, இடது நெஞ்சில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

வலப்பக்கம் துடித்தது. நிதானமாக.

அப்படியானால் என் பிள்ளை எங்கே?

ஓடினாள். வெறுங்கையைத் தொட்டிக்குள் விட்டாள். விரல்கள் எரிந்தன. தகட்டைக் குழாயடியில் பிடித்தாள். அமிலம் தின்ற செம்பை நிரப்ப வழியே கிடையாது. அது அவளுக்குத் தெரியும். தகட்டு முகத்தில் தாடை கரைந்திருந்தது. கழுத்து முழுக்கப் பள்ளம். பக்கவாட்டில் பார்ப்பதாக அவள் கீறிய கண்கள் இப்போது நேராக அவளைப் பார்த்தன. மூடிக் கீறிய வாய் திறந்திருந்தது.

பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன.

"ஏம்மா எடுத்த? இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்."

தகட்டில், மிச்சமிருந்த உதடுகள் அம்மா என்று அசைந்தன.