கவிழ்த்து வைத்த படம்

காலையில் அலமாரியைத் திறந்து படச்சீட்டுக் கட்டைக் கையில் எடுத்தபோது, கட்டின் நடுவில் ஒரு சீட்டு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட சூடு என்று சொல்ல வழியில்லை, அந்த மூலைக்கு வெயிலே எட்டிப் பார்ப்பதில்லை. பேருந்தில் ஒருவர் எழுந்து போன இடத்தில் அடுத்தவர் உட்காரும்போது தெரியுமே, அந்தச் சூடு. ஆலோசகர் விரலால் தடவி அந்தச் சீட்டை உருவினாள். மரப்படிக்கட்டு, அதன் உச்சியில் பாதி திறந்த கதவு, கதவுக்குள் மஞ்சள் வெளிச்சம். ஆளே இல்லாத படம். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதுதான் இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சீட்டைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்தவர் பயத்துக்கு வைத்தியம் சொல்வதுதான் அவளுக்குப் பிழைப்பு. தீயையோ விபத்தையோ கண்ணெதிரே பார்த்துவிட்டு வாயடைத்துப் போனவர்கள் அவள் வேலை பார்க்கும் மனநல மையத்துக்கு வருவார்கள். "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பிடித்துவைத்த பொம்மையாக உட்கார்ந்திருப்பவர்கள், ஒரு படத்தை முன்னால் வைத்து "இதுல என்ன தெரியுது?" என்று கேட்டால் மடைதிறந்த மாதிரி பேசுவார்கள். அந்த வேலைக்கு முக்கியமான விதிகள் இரண்டு. வந்தவர் படத்தில் எதைப் பார்த்தாலும் அது சரி. மறுக்கக் கூடாது, துருவக் கூடாது. அடுத்தது, படத்துக்குள் போனவரை நேரம் முடிவதற்குள் கையோடு வெளியே கூட்டிவந்துவிட வேண்டும். "கிளம்பலாமா? படியிறங்குங்க. இந்த ரூமுக்கு வந்துட்டீங்களா? காலுக்குக் கீழ தரை தெரியுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முழு ஆளாக அனுப்பிவைக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதை அவளே மேசையைத் தட்டித் தட்டிப் பாடம் எடுத்திருக்கிறாள். போன வாரம் அவளே அதைக் கோட்டை விட்டாள்.

வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஆறடி உயரம், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள்கள். கூட வேலை பார்த்தவர் கண்ணெதிரே லிஃப்ட் குழிக்குள் விழுந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமும் பேச்சும் போய்விட்டன. லிஃப்டில் காலை வைக்க மாட்டார். ஐந்தாவது மாடிக்குப் படியேறித்தான் வருவார், பின்னாலேயே அவர் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு. அன்று இந்தப் படிக்கட்டுப் படத்தைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. "மேல ஒரு பொண்ணு நிக்கிறா மேடம். என் பொண்ணுதான். கூப்பிடுறா, போகட்டுமா?" என்றார். போகச் சொன்னாள். படியேறினேன் என்றார், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன் என்றார், சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வரட்டுமே என்று விட்டாள். அந்த நேரம் பார்த்து வெளியே காத்திருந்த ஒரு பெண் மயங்கி விழ, பதறி எழுந்தவள் மேசையில் கிடந்த சீட்டுகளை வாரிக் கவிழ்த்துக் கட்டாக்கி அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது மெக்கானிக் கிளம்பிவிட்டிருந்தார். நடந்துதானே போயிருக்கிறார், என்ன ஆகிவிடப் போகிறது என்று இருந்துவிட்டாள்.

சீட்டு வெதுவெதுப்பாக இருந்த அந்த நாள் மதியம் அவர் மனைவி போன் செய்தாள்.

"மேடம், போன வாரம் வந்துட்டுப் போனதுலேர்ந்து அவரு அவராவே இல்ல. உக்கார வெச்சா உக்காந்திருக்காரு, படுக்க வெச்சா படுத்திருக்காரு. ஊட்டிவிட்டா முழுங்குறாரு."

"ஏதாவது பேசுறாராம்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான். இருட்டா இருக்கு, யாரோ லைட்ட அணைச்சுட்டாங்கன்னு. நான் வீடு பூரா லைட்டப் போட்டுத்தான் வெச்சிருக்கேன் மேடம்." சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைத்தோமே என்ற நினைப்பு ஆலோசகருக்கு வந்தது. பைத்தியக்கார நினைப்பு என்று தள்ளினாலும் அது போகாமல் அங்கேயே நின்றது. "சாயங்காலமே கூட்டிட்டு வாங்கம்மா. எல்லாரும் போனப்புறம் வாங்க, அவசரமில்லாம பாக்கலாம்" என்றாள். எப்படியாவது அந்த மனிதரை முழுசாகக் கொண்டுவந்து இந்தப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்து "பயப்படாதீங்க" என்று சொல்லும் தகுதியே தனக்கில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மற்ற அறைகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு, துடைத்த தரையின் பினாயில் வாசனையும் ஈரக்குடைகளின் புழுங்கல் வாசனையும் மட்டும் காரிடாரில் தங்கியிருக்க, எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு இறங்கும் சத்தமும், ஆளில்லாமலே மேலும் கீழும் போய்வருகிற லிஃப்டின் முனகலும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தன. மனைவி அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே பெஞ்சுக்குப் போனாள். அவர் கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை. அவர் சட்டையிலிருந்து, வெகுநாள் திறக்காத மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை வந்தது.

ஆலோசகர் சீட்டை அவர் முன்னால் மல்லாத்தி வைத்தாள். அவர் கண்ணைச் சுருக்கினார், இருட்டறையில் யாரோ சட்டென்று விளக்கைப் போட்டுவிட்ட மாதிரி.

"எங்க இருக்கீங்க சார்?"

"உள்ளதான் மேடம்." உதடு அசைந்து, ஒரு நொடி கழித்துத்தான் குரல் வந்தது. மரப்பலகை அடித்த அறைக்குள்ளிருந்து பேசுவது போல அது லேசாக எதிரொலித்தது. "காலையில ஒரு நொடி வந்து போன வெளிச்சம் இப்பத்தான் திரும்ப வந்துச்சு. எவ்வளவு நேரமாக் கூப்பிடுறேன்!"

"மன்னிச்சிடுங்க சார். இப்ப வந்துடலாம். தனியாவா இருக்கீங்க?"

"பொண்ணு இருக்காளே. இருட்டுல என் மடியிலயே உக்காந்திருந்தா, இறங்கவே மாட்டேங்குறா." கொஞ்சம் நிறுத்தி, ரகசியம் சொல்வது போலச் சொன்னார். "கனமா இருக்கா மேடம். உக்கார உக்காரக் கனம் கூடிட்டே போகுது."

மழைச் சத்தம் நின்றிருந்தது. ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"எழுந்திரிங்க சார். கதவுகிட்ட வாங்க. படி தெரியுதா?"

"தெரியுது. வரவிட மாட்டேங்குறா. கையக் கெட்டியாப் பிடிச்சிருக்கா."

பாவம், செத்துப்போன குழந்தையாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். துருவக் கூடாதே, அதனால் கேட்டதில்லை. பேர் சொல்லி விடைகொடுக்க வைத்தால் விட்டுவிட்டு வந்துவிடுவார். வேறு எத்தனையோ பேரை அப்படித்தான் கொண்டுவந்திருக்கிறாள். "பாப்பா பேரு என்ன சார்? பேரச் சொல்லி டாட்டா சொல்லிட்டு வாங்க."

அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார், யாரிடமோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவர் மாதிரி.

"சொல்ல மாட்டேங்குறா."

பெற்ற தகப்பனுக்கா மகள் பேர் தெரியாது? ஆலோசகர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பெஞ்சைப் பார்த்துக் கேட்டாள். "உங்க பொண்ணு பேரு என்னம்மா?"

மனைவி மலங்க மலங்க விழித்தாள். "எந்தப் பொண்ணு? எங்களுக்குப் பிள்ளையே இல்லியே மேடம்."

முதுகுக்குப் பின்னால், அறைக்குள், அவர் குரல் கேட்டது. அன்பான, பொறுமையான குரல்.

"சரி, அழாத. நீ முதல்ல போ. பாத்து இறங்கு. நான் பின்னாடியே வர்றேன்."

"வேணாம் சார்!" என்று கத்திக்கொண்டே திரும்பினாள். "அவள இறங்க விடாதீங்க!"

மேசையை நோக்கி ஓடினாள்.

மரப்படியில் காலடி. ஒன்று. இன்னொன்று. சின்னக் காலடி. நிதானமாக. கீழே வரை.

பிறகு ஒன்றுமில்லை.

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்தார். கண் தெளிவாக இருந்தது. விளக்கைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இவ்வளவு பெரிசா என்பது போல. தரையில் பதிந்திருந்த இரண்டு கால்களையும் தூக்கி, எட்டாத நாற்காலியில் உட்கார்ந்த குழந்தையைப் போல ஆட்டத் தொடங்கினார்.

"ஐயோ, முழிச்சுட்டாரு!" மனைவி ஓடிவந்தாள். அழுதாள், சிரித்தாள். ஆலோசகரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம் மேடம். எம் புருஷன எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்க."

இது உன் புருஷன் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் நின்றாள். வெறுமனே நின்றாள்.

"வீட்டுக்குப் போலாம்" என்றார் அவர், அதே கனத்த குரலில், மனைவியைப் பார்த்து. எழுந்தவர் அவள் கையைப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு விரலைப் பிடித்துக்கொண்டார்.

ஆலோசகர் வாசலில் நின்று பார்க்க, இருவரும் காரிடாரில் போனார்கள். படிக்கட்டைத் தாண்டிப் போனார்கள். அவர் லிஃப்டைப் பார்த்ததும் விரலை விட்டுவிட்டுத் துள்ளி ஓடினார்.

"லிஃப்டுல போறாரு மேடம்! இங்க பாருங்களேன்!" மனைவி சிரித்தாள்.

பொத்தான் அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. அவர் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றார். கையைத் தலைக்கு மேல் எக்கி நீட்டி, சுவரில் எங்கோ உயரத்தில் துழாவினார். கிடைக்கவில்லை. குனிந்து பார்த்தார். கீழே இருந்தது. அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது போல, கெக்கெக்கே என்று சிரித்தார்.

மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. கதவு திறந்தது. அவர் அவளை உள்ளே இழுத்தார். அவள் திரும்பி ஆலோசகரைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

ஐந்து. நான்கு. மூன்று. லிஃப்டின் எண் இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னால், ஆளில்லாத அறையில், மேசையின் மேல் கிடந்த சீட்டிலிருந்து, அதே லேசான எதிரொலியோடு ஒரு குரல் கேட்டது.

"மேடம், பொண்ணு பத்திரமா இறங்கிட்டாளா? இப்ப நான் வரட்டுமா?"