ஐந்தாவது சுடர்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரன் ரஸ் ஹக்காலா. அவனுடைய அக்கா லோர்னா. என்னோடு வேலை செய்யும் ஒக்சானா. எரிவாயுக் குழாய் போடும் நான், கார்த் பென்னர். நான்கு பேர். வேறு யாரும் இல்லை.

கனடாவின் தண்டர் பே நகரில் ஜனவரி மாதம். மதியம் இரண்டு மணி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. ரஸ்ஸின் மனைவிக்குக் குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். வீட்டைச் சூடாக்க அடித்தளத்தில் இருந்த உலைக்கு வயதாகிவிட்டது. முன்னறை சூடேறுவதே இல்லை. அதற்காகத்தான் அங்கே கேஸ் கணப்பு பதித்தோம். குழாய், புகைபோக்கி, கண்ணாடி எல்லாம் முடிந்துவிட்டது. அழுத்தச் சோதனை மட்டும் பாக்கி.

லோர்னா பெர்சியன் பன் பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

"இந்தாளுக்குக் குடுக்காதீங்க," என்றாள் ஒக்சானா. "இப்பவே கொதிகலனுக்குப் பின்னாடி போனா தொப்பை சிக்கிக்கும், நான்தான் இழுத்து வெளிய எடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. எனக்கு அந்த வீட்டைத் தெரியும். வேலைச் சீட்டில் முகவரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் நான் இரவுப் பணியில் இருந்தேன். கேஸ் அணைந்தது, நாறுகிறது என்று யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். இந்த வீட்டின் பின்னறையில் அப்போது வில்யோ சாரி என்ற கிழவர் குடியிருந்தார். சுவரில் ஒரு பழைய கேஸ் ஹீட்டர். "மத்ததெல்லாம் எரிஞ்சா இது அணைஞ்சிடுது தம்பி," என்றார். பற்றவைக்கும் குமிழை அழுத்திக் காட்டினார். டிக். டிக். டிக்.

வீட்டில் உள்ள எல்லாவற்றையும் எரியவிட்டுத்தான் அழுத்தம் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எரியவிட்டால் எந்தக் குழாயும் நல்ல குழாய்தான். எனக்குத் தூக்கம் வந்தது. ஹீட்டரை மட்டும் எரியவிட்டுப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு," என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

மூன்றாம் நாள் அவரை விறைத்த நிலையில் எடுத்தார்கள். ஹீட்டர் அணைந்திருந்தது. அந்த வாரமே இரவுப் பணியை விட்டுவிட்டேன்.

வளைந்த கண்ணாடிக் குழாயைக் கணப்புக்கு வரும் கேஸ் குழாயில் மாட்டினேன். அதற்குள் சிவப்புத் தண்ணீர். கேஸ் அந்தத் தண்ணீரை எத்தனை அங்குலம் தள்ளுகிறதோ அதுதான் அழுத்தம். எதுவும் எரியாதபோது ஏழு. கணப்பு ஒழுங்காக எரிய, எல்லாம் எரியும்போதும் குறைந்தது ஐந்து வேண்டும்.

உலையைப் போட்டோம். கொதிகலன். சமையலறை அடுப்பு. கடைசியாகக் கணப்பு. நான்கு சுடர். தண்ணீர் ஐந்தரையில் நின்றது.

"பாஸா?" என்றான் ரஸ்.

வாயைத் திறந்தேன். தண்ணீர் இறங்கியது.

குலுங்கவில்லை. யாரோ மெதுவாக ஒரு குமிழைத் திருப்பியதுபோல் இறங்கி, நாலரையில் நின்றது. கண்ணாடிக்குள் கணப்பின் சுடர் சுருங்கிக் கொண்டது.

"எல்லாத்தையும் அணை," என்றேன் ஒக்சானாவிடம்.

அணைத்தாள். தண்ணீர் ஏழுக்கு ஏற வேண்டும். ஆறில் நின்றுவிட்டது.

ஒக்சானா மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. வெளியே ஓடி மீட்டரைப் பார்த்துவிட்டு, இமையெல்லாம் பனியோடு வந்தாள்.

"முள்ளு சுத்துதுய்யா. வீட்ல வேற என்ன எரியுது?"

"ஒண்ணுமில்ல," என்றான் ரஸ்.

"பின்னறையில பழைய குழாய் ஒண்ணு இருக்கு," என்றாள் லோர்னா. "மூடி போட்டு வருஷக்கணக்காச்சு. குளிர்காலத்துல அந்தக் கதவையே தொறக்கிறதில்ல."

நான்தான் முன்னால் போனேன். சூடே போகாத அறை. கதவின் இரும்புக் கைப்பிடி குளிரில் தோலை ஒட்டிப் பிடிக்கும் என்று நினைத்துத் தொட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே அட்டைப் பெட்டிகள். ஹீட்டர் இருந்த இடத்தில் சுவரில் வெளிறிய சதுரம். பழைய ஹீட்டரை முதல் குளிருக்குப் பற்றவைக்கும்போது வருமே, அந்தக் கருகிய தூசி வாசனை. ஜன்னல் முழுக்க விரல் தடிமனுக்கு உறைபனி. அதன் நடுவில் மட்டும் வட்டமாக ஒரு இடம் உருகியிருந்தது. உட்கார்ந்திருப்பவரின் முக உயரத்தில்.

குழாயின் மூடியைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

சுட்டது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

"யோவ்," என்று கிசுகிசுத்தாள் ஒக்சானா. "வந்துடு."

ரஸ் கதவைத் தாண்டி வரவில்லை. "இதப் பாரு கார்த். கணப்ப மட்டும் எரிய விட்டா அஞ்சுக்கு மேல நிக்கும். அத எழுதிக் குடுத்துடு. நாளைக்குக் குழந்தை வருதுய்யா. குளிர்ல எங்க வச்சுக்குவேன்?"

அதே வேலை. அதே வீடு. பேனா என் பையில்தான் இருந்தது.

"முன்னாடி ஒரு தடவை அப்படித்தான் எழுதிக் குடுத்தேன்," என்றேன். "இந்த அறைக்கு. இங்க இருந்தவர் குளிர்ல செத்துப்போனார்."

சிவப்புச் சீட்டை எடுத்து எழுதினேன். 'கேஸ் நிறுத்தப்பட்டது.' கையெழுத்துப் போட்டேன். பெயரையும் முழுதாக எழுதினேன்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றான் ரஸ்.

"டேய், வாய மூடு," என்றாள் லோர்னா. "பிள்ளைய என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. மாடியறை சும்மாதான கெடக்கு."

ரஸ் தண்ணீர்க் குழாயை அடைத்து, குழாய்களை வடித்தான். கேஸ் இல்லாத வீட்டில் இரவுக்குள் தண்ணீர் உறைந்து எல்லாம் வெடித்துவிடும். ஒக்சானா வெளியே மீட்டரை மூடிப் பூட்டுப் போட்டாள். நான் கணப்பின் முன் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். சிவப்புத் தண்ணீர் இறங்கி, இரண்டு பக்கமும் சமமாக நின்றது. பூஜ்யம். குழாயில் ஒன்றுமே இல்லை.

மற்றவர்கள் காருக்குப் போய்விட்டார்கள். இஞ்சின் உறுமுவது கேட்டது. கருவிகளைப் பைக்குள் போட்டேன்.

டிக்.

பின்னறையிலிருந்து.

டிக். டிக்.

அவசரமே இல்லாத விரல். எனக்குக் காட்டுவதற்காக அழுத்துவதுபோல.

"வில்யோ சாரி ஐயா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இப்ப எல்லாத்தையும் எரிய விட்டுப் பார்த்துட்டேன்."

டிக் நின்றது. பிறகு, மூச்சு விட்டதுபோல ஒரு மெல்லிய 'புஸ்'. சுடர் பிடிக்கும் சத்தம். இருபது வருடமாகக் கேட்கிறேன், தவறாது. நடைவழியின் கடைசியில், கதவுக்கு அடியில், நீலமாக ஒரு கோடு விழுந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஓடவில்லை. ஓடினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

பனியில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். ரஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"தள்ளு, நான் பூட்டுறேன்."

படியில் அவன் கால் வைப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.