ஐந்தாம் கட்டில் முட்டைகள்

டெலிபோன் அலறியது.

சனிக்கிழமை. காலை ஆறரை. 1991, மே மாதம்.

கணேசலிங்கம் கழிவறை பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு ஓடிப் போய் எடுத்தான். மறுமுனையில் பறவைச் சரணாலயத்தின் காவலர்.

கூட்டிலிருந்த நான்கு முட்டைகளும் காணவில்லை!

லண்டனின் கிழக்கு விளிம்பில், தேம்ஸ் ஓரத்துச் சதுப்பு நிலத்தில் அந்தச் சரணாலயம். அதன் வாசலில் எட்டே கட்டில்கள் கொண்ட ஒரு ஹாஸ்டல். வளைந்த மூக்கும் நீண்ட கால்களுமாய் ஒரு ஜோடி உள்ளான்கள் இந்த வருஷம்தான் முதல் தடவையாக அங்கே முட்டையிட்டிருந்தன. அரிய பறவை. அதன் முட்டைக்காகவே திருட்டுத்தனமாய் அலைகிற சேகரிப்பாளர்கள் இங்கிலாந்து முழுக்க இருந்தார்கள்.

காவலர் இன்னொன்றும் சொன்னார். நேற்று மாலை கூட்டின் பக்கம் ஒருவன் போனதைத் தூரத்திலிருந்து பார்த்தாராம்.

மாநிறம். ஹாஸ்டலின் மஞ்சள் மழைக்கோட்டு.

கணேசலிங்கம் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

வாசல் ஆணியில் தொங்கும் அந்தக் கோட்டைத் தினமும் போடுகிறவன் அவன்தான்...

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருஷம். அகதி மனு தள்ளுபடி. வேலை பார்க்க அனுமதி இல்லை. திங்கட்கிழமை அப்பீல். எங்கேயாவது தொண்டு செய்து நல்ல கடிதம் ஒன்று வாங்கி வா என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த ஒரு கடிதத்துக்காக நான்கு மாதமாய் இங்கே சம்பளமில்லாமல் கழிவறை கழுவுகிறான்.

கடிதம் நேற்றே டைப் ஆகிவிட்டது. ஹாஸ்டலை நடத்தும் மிஸஸ் ஹோல்புரூக்கின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

செய்தியைக் கேட்டதும் அவள் கடிதத்தை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள். போலீஸ் விசாரணை முடியட்டும் என்றாள்.

சனியன் பிடித்த மழைக்கோட்டு!

ஏழேகாலுக்கு கான்ஸ்டபிள் வந்தார். கணேசலிங்கத்தைக் கூடத்தில் நிற்க வைத்துவிட்டு, பைகள், கட்டில்கள், சமையலறை எல்லாவற்றையும் பார்த்தார்.

எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகப் போவதாகச் சொன்னார்.

ஹாஸ்டலில் மாநிறத்தில் இன்னொருவரும் இருந்தார். டாக்டர் பத்ரிநாராயணன். வியாழக்கிழமை வந்த விருந்தாளி. மதராஸ்காரர், ஸ்ட்ரெதமில் வீடு. கழுத்தில் விலையுயர்ந்த பைனாகுலர். அவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

அவர்தான் அருகில் வந்து கணேசலிங்கத்தின் தோளில் கை வைத்தார்.

“தம்பி, நான் சொல்றதைக் கேளுங்க. ஒத்துக்கிட்டா எச்சரிச்சு விட்டுடுவாங்க. நானே பேசறேன்.”

“நான் எடுக்கேல்லை, டொக்டர்.”

“நான் நம்பறேன். அவங்க நம்பணுமே.”

ஒத்துக்கொண்டால் திங்கட்கிழமை அப்பீல் முடிந்தது. அடுத்தது விமானம். விமானத்தின் மறுமுனையில் யுத்தம்.

கணேசலிங்கம் ஜன்னலுக்கு வெளியே சதுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான்...

வார இறுதிகளில் ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்து வந்து காலைச் சமையல் செய்யும் இன்னொரு தொண்டர் பியற்றிஸ், அவளும் யாழ்ப்பாணம்தான். அவள் பொறுமை இழந்தாள்.

“என்ன மரம் மாதிரி நிக்கிறாய்? ஏதாவது கதையன்.”

“நான் என்னத்தைக் கதைக்க, அக்கா? அதுதான் கோட்டு கதைச்சிட்டுதே.”

பிறகு கான்ஸ்டபிளிடம் திரும்பி, எங்கெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டான்.

கான்ஸ்டபிள் சலிப்போடு அடுக்கினார். பைகள். மெத்தைகள். குப்பைத்தொட்டி. ஃப்ரிட்ஜ். அங்கே விருந்தாளிகள் தங்கள் கட்டில் நம்பரை ஒட்டி வைத்த உணவுதான் இருந்தது. ஐந்து என்று எழுதிய முட்டைப் பெட்டி, டாக்டருடைய காலை உணவு. அவரே சொன்னார், அதனால் திறக்கவில்லை.

“சைவக்காரராயிற்றே. முட்டைதானே சாப்பிடுவார்” என்றார் கான்ஸ்டபிள்.

கணேசலிங்கம் மெல்ல நிமிர்ந்தான்.

இந்த ஊரில் சைவக்காரர்கள் முட்டை சாப்பிடுவார்கள். கான்ஸ்டபிளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால்... முந்தாநாள் மாலை! எப்போதோ முட்டை பொரித்த சட்டி என்பதற்காக, அதை மூன்று தடவை தேய்க்க வைத்தவர் இந்த டாக்டர்!

கணேசலிங்கம் சமையலறைப் பக்கம் திரும்பினான்.

“பியற்றிஸ் அக்கா, டொக்டருக்குப் பசிக்கும். ஃப்ரிட்ஜிலை அவரின்ரை முட்டை இருக்காம். ஒரு ஒம்லெட் போட்டுக் குடுங்கோ.”

“ஆருக்கு? இவருக்கோ? முட்டை மணத்தாலே மூக்கைப் பொத்துற மனிசன்...”

“போடுங்கோ, அக்கா.”

டாக்டரின் முகம் வெளுத்தது. பசியில்லை என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அதற்குள் எல்லோரும் பியற்றிஸின் பின்னால் சமையலறைக்குள் போயிருந்தார்கள்.

அடுப்பில் சட்டி. பியற்றிஸ் பெட்டிக்குள் பாராமலே கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள்.

“என்ன இது, பாரமே இல்லை?”

சட்டி விளிம்பில் தட்டக் கையை ஓங்கினாள்...

“உடைக்காதே!”

வீறிட்டவர் டாக்டர்!

இரண்டே எட்டில் கான்ஸ்டபிள் அடுப்படியில் நின்றார். பியற்றிஸின் உள்ளங்கையில் சேற்று நிற முட்டை. மேலெல்லாம் கறுப்புத் திட்டுகள். பக்கவாட்டில் ஊசித் துளை. உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்த வெறும் கோது. பெட்டியில் இன்னும் மூன்று.

டாக்டர் சட்டென்று சுதாரித்தார். அது தன் பெட்டியே இல்லை, தான் முட்டையே தொடுவதில்லை, யாரோ வைத்திருக்கிறார்கள் என்றார்.

கான்ஸ்டபிள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். காலை உணவு என்று டாக்டர் சொன்ன நேரம்கூட அதில் இருந்தது.

டாக்டர் கணேசலிங்கத்தை முறைத்தார். “ஒரு தமிழனுக்குத் தமிழன் பண்ற காரியமா இது?”

“மூண்டு தரம் சட்டி தேய்ச்சனான், டொக்டர். கை இன்னும் நோகுது.”

மிஸஸ் ஹோல்புரூக் டிராயரைத் திறந்து, யார் முகத்தையும் பாராமல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். கணேசலிங்கம் அதை வாங்கக் கை நீட்டினான்.

குறுக்கே வந்தது கான்ஸ்டபிளின் குரல்.

“நீதான் முக்கிய சாட்சி. கேஸ் முடியும்வரை நீ நாட்டை விட்டுப் போகக் கூடாது. குடிவரவு அதிகாரிகளுக்கும் எழுதிவிடுகிறேன்.”

கணேசலிங்கம் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். கேட்டான். நம்பினான்.

“மூண்டு வருசமா நீ கேட்டலைஞ்சதை, நாலு வெறுங்கோது வாங்கித் தந்திட்டுது” என்றாள் பியற்றிஸ்.

கைவிலங்கோடு படியிறங்கிய டாக்டரின் தோளில், பின்னாலிருந்து ஒரு கை விழுந்தது.

“டொக்டர், நான் சொல்றதைக் கேளுங்கோ. லேசிலை ஒத்துக்கொண்டிடாதேங்கோ. கேஸ் ஒரு பத்து வருசம் இழுபடட்டும்!”