உப்புக் குவியலின் பின்பக்கம்

"இந்தக் கோடு யாருங்க போட்டது?"

குரல் முதுகுக்குப் பின்னால் வெடித்தது. ரேணுகாவின் கையிலிருந்த பென்சில் துள்ளி வரப்பில் விழுந்தது. பதறித் திரும்பினாள்... இரண்டு கண்கள்! வெயிலில் கறுத்த முகத்தில் கோபத்தோடு பளபளத்த இரண்டு கண்கள். கோபப்படுகிற நேரத்தில்கூட ஒருத்தனுக்குக் கண் இவ்வளவு நன்றாகவா இருக்கும் என்று நினைத்துவிட்டு, உடனே தன்னையே திட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்ட நேரத்தில் ரசனை வேறு!

"எ... எந்தக் கோடு?"

"அதோ, உப்பு மேல இருக்குதே... சாம்பக் கோடு."

மரக்காணம் உப்பளத்தில் இது ஒரு வழக்கம். வாரி எடுத்த உப்பைப் பாத்திக்குப் பக்கத்தில் மேட்டில் குவித்து வைப்பார்கள். பொழுது சாயும்போது காவல்காரன் ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பாவில் சாம்பலை நிரப்பி, குவியலைச் சுற்றி ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவான். இருட்டில் எவனாவது உப்பில் கை வைத்தால் சரிந்து கோடு கலைந்துவிடும். காலையில் பார்த்ததும் குட்டு வெளிப்படும்.

"நேத்து நான் போட்ட கோடு இல்ல இது" என்றான் அவன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"என் கோடு அங்கங்க தடுமாறும். இதுவும் தடுமாறுது. ஆனா ரொம்ப அழகா தடுமாறுது. எனக்கு அவ்ளோ அழகா தடுமாற வராது."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. அதோடு பயமும். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது...

"நான்தாங்க. நேத்து சாயந்திரம் அதுல சாஞ்சு உட்கார்ந்து வரைஞ்சிட்டிருந்தேன். கொஞ்சம் சரிஞ்சிடுச்சு. கோடு கலைஞ்சு அசிங்கமா இருந்துச்சு... டப்பா அங்கயே இருந்துது. அதான் அதே மாதிரி இழுத்து வெச்சுட்டேன்."

"அசிங்கமா இருந்துதா!" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏங்க, இது என்ன வாசக்கோலமா? கலைஞ்சா கலைஞ்ச மாதிரியே இருக்கணும். நீங்க இப்படி என் கோட்டை அப்படியே அச்சா போட்டீங்கன்னா, நாளைக்கு முதலாளி என்னை எதுக்குங்க வெச்சிருப்பாரு?"

கோடு கோணலாக இருந்தால் கை சும்மா இருக்காது அவளுக்கு. எல்லாம் அந்தப் படிப்பு செய்த வேலை. பாண்டிச்சேரி பக்கத்தில் குயிலாப்பாளையத்தில் ஃபவுண்டேஷன் கோர்ஸ் படிக்கிறாள். கலை, டிசைன் என்று பட்டப்படிப்பில் சேருவதற்கு முன்னால், கையையும் கண்ணையும் பழக்குகிற ஓராண்டுப் படிப்பு. முதல் மாதம் முழுக்க வெறும் கோடுதான் போட வைத்தார்கள். அதன்பிறகு எங்கே கோட்டைக் கண்டாலும் விரல் துறுதுறுக்கும்.

அப்போது இரண்டாயிரத்து ஆறு, பிப்ரவரி. ரேணுகாவுக்குப் பத்தொன்பது வயது. கிளியனூரில் நெல்லும் கரும்பும் போடுகிற தனகோடியின் மகள். "ஒரு வருசம் உன் ஆசைக்கு விடறேன். டிகிரிக்கு சீட்டு கெடைச்சா போ. கெடைக்கல... அத்தை பையன் காத்துக்கினு இருக்கான்" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். சீட்டு வேண்டுமென்றால், வரைந்த படங்களைத் தொகுத்த நல்ல போர்ட்ஃபோலியோ வேண்டும். அதற்காகத்தான் வார விடுமுறையில் ஈசிஆர் பஸ் பிடித்து இந்த உப்பளத்துக்கு வந்து வரைந்துகொண்டிருந்தாள்.

வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை...

வகுப்பில் எல்லோரும் டெல்லி, பம்பாய் பிள்ளைகள். நல்லவர்கள்தான். காலையில் "ஹாய்" சொல்வார்கள். இவளும் "ஹாய்" சொல்வாள். அதற்குமேல் இவளுக்கு இங்கிலீஷ் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. மதியம் முந்திரி மரத்தடியில் தனியாகச் சாப்பிடுவாள். அவர்கள் எதற்கோ கூட்டமாகச் சிரிக்கும்போது, தன்னைப் பார்த்துத்தானோ என்று பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிடுவாள். வாடகை அறைக்குத் திரும்பினால் சுவர்தான் துணை. சில நாள் முழுக்க ஒரு முழு வாக்கியம்கூடப் பேசாமல் தூங்கப் போயிருக்கிறாள். பேசாமலே இருந்து இருந்து தன் குரலே மறந்துவிடுமோ என்று பயந்திருக்கிறாள், பாவம்.

அப்படிப்பட்டவளிடம் ஒருத்தன் வந்து இவ்வளவு நேரம் சண்டை போடுகிறான் என்றால்... கசக்குமா என்ன?

"அப்போ தினம் வேற வேற மாதிரி போடுங்க. நான் பார்த்தாதானே காப்பியடிப்பேன்?" என்றாள்.

அவன் முறைத்தான். பிறகு உதட்டோரம் லேசாக... மிக லேசாகச் சிரித்தான்.

அவன் பெயர் தேசப்பன். உப்பளத்தின் நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகைதான் அவன் வீடு, உலகம் எல்லாம். பகலில் வேலையாட்கள் இருப்பார்கள். பொழுது இறங்கினால் அவனும் ஒரு ரேடியோவும் மட்டும். கூடப் படித்தவர்கள் மெட்ராசுக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். அம்மா போன பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆளில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை. பஸ்ஸை விட்டு இறங்கிய ரேணுகா ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டாள். குவியலின் மேல் நேர்க்கோடு இல்லை... அலை! சாம்பலால் வளைந்து வளைந்து ஒரு அலை.

"இதைக் காப்பியடிங்க பார்க்கலாம்" என்று வரப்பில் நின்று கத்தினான் தேசப்பன்.

அதற்கடுத்த வாரம் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு. அதற்கடுத்து, ஒரு பஸ். பஸ் ஜன்னலில் ஒரு பெண் முகம்.

"அது யாரு?"

"யாரோ டிக்கெட் எடுக்காம வர்ற பொண்ணு."

"மூக்கு ஏன் இவ்ளோ நீளம்?"

"இருக்கறதைத்தானே போட முடியும்?"

"உங்களை...!" உப்பை அள்ளி எறிந்தாள். "ஐயோ, முதலாளி உப்பு!" என்று அவன் சிந்தியதைக் குனிந்து பொறுக்கினான். ஒரு கல் உப்பைக்கூட வீணாக்கமாட்டான் அவன். விழுந்து விழுந்து சிரித்தாள் ரேணுகா. தலையில் உப்புக் கூடையோடு போன வேலம்மாள் நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா தேசப்பா, குவியலுக்கு அலங்காரம்லாம் பலமா இருக்குது... இன்னா, கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று முழுக்க இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை வழக்கம்போல் யாருமில்லாத நாட்கள். ஆனால் இப்போது அந்த நாட்களுக்குப் பின்னால் ஒரு சனிக்கிழமை இருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை. இறங்கும்போதே உப்பளத்தில் கூட்டம் தெரிந்தது. முதலாளி அர்ச்சுனன் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். குவியலின் முன்பக்கம் ஒரு பெரிய சாம்பல் பூ, ஒரு இதழ்கூடக் கலையாமல் விரிந்திருந்தது. பின்பக்கம்... கழிவெளி ஏரித் தண்ணீரைப் பார்த்த பக்கம்... பாதிக் குவியலைக் காணோம்.

"மத்த நாளெல்லாம் ஒழுங்கா சுத்திக் கோடு போடுறான். வெள்ளிக்கிழமையானா மட்டும் ரோட்டுப் பக்கம் படம் போடுறான்! பின்னாடி ஒரு கோடு உண்டா? திருடன் சாவகாசமா படகுல வந்து ஏத்திக்கினு போயிருக்கான்!" அர்ச்சுனனின் குரல் உயர்ந்தது. "யாருக்குடா இந்தப் பூவு? சொல்லு!"

எல்லோருடைய கண்களும் மெல்லத் திரும்பின... ரேணுகாவின் மேல். உடம்பெல்லாம் கூசியது அவளுக்கு. ஆனாலும் வெட்கமில்லாத மனசு காத்திருந்தது. சொல்லப்போகிறான்... என்னவோ சொல்லப்போகிறான்...

தேசப்பன் அவளை ஒரே ஒரு முறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"யாருக்கும் இல்லைங்க. சும்மா... பொழுது போகாம போட்டேன். அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது."

யாருன்னே தெரியாது.

அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கோட்டக்குப்பம் தாண்டும் வரை அழுதாள். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள்தான் காரணம் என்று கைகாட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தெரியாது என்று சொல்லிவிட்டானே... அவளைத் தெரிந்த ஒரே ஆள்!

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வைராக்கியம். சனிக்கிழமைகள் வந்தன. அவள் அறையிலேயே உட்கார்ந்து ஆணியையும் செருப்பையும் வரைந்தாள். டெலிபோன் பூத்தில் அப்பா, "சாப்டியா? சீட்டு கெடைச்சிடுமா?" என்று கேட்டார். "ம்" என்றாள். வேறு எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் அழுதிருப்பாள்.

மே மாதம், போர்ட்ஃபோலியோவைப் பார்த்தார் மரியதாஸ் சார். பாண்டிச்சேரிக்காரர், அந்த வகுப்பில் தமிழில் பேசுகிற ஒரே வாத்தியார். உப்புக் குவியல் படங்களை வரிசையாகத் தரையில் பரப்பினார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா எல்லாத்துலயும் ஒரே பக்கம்தான் இருக்கு. சுத்தி வந்து பாருன்னு முதல் நாளே சொன்னேனே... இதோட பின்பக்கம் எங்க?"

ரேணுகா படங்களையே பார்த்தாள். அலை... கொக்கு... பஸ்... அவன் ஒரு பக்கம் மட்டும் போட்டான் என்று முதலாளி கத்தினார். இவளும் அந்த ஒரு பக்கத்தை மட்டும்தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்! இரண்டு பேருக்கும் பின்னால் ஒரு பக்கம் இருப்பதே மறந்து போயிருக்கிறது...

"திங்கக்கிழமைக்குள்ள பின்பக்கத்தை வரைஞ்சு குடு. அது இல்லாம இந்த வரிசை நிக்காது" என்றார் சார்.

வரைவதற்காகத்தான் போகிறோம், வேறு எதற்கும் இல்லை என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள். நம்பினாளா? அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

வானம் கறுத்திருந்தது. கோடை மழை எந்த நேரமும் இறங்கும்போல் காற்று குளிர்ந்தது. குவியலில் பூவும் இல்லை, கொக்கும் இல்லை. முன்பக்கம் முழுக்க ஓலை போட்டு மூடியிருந்தது. வரப்பில் மெல்ல நடந்து பின்பக்கம் போனாள்.

அங்கே அவன் இருந்தான். கடைசி ஓலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த கயிறு நழுவியது.

"வரைய வந்தேன்" என்றாள் விறைப்பாக. "வேற எதுக்கும் இல்ல. நான் யாருன்னுதான் உங்களுக்குத் தெரியாதே..."

"எங்க முதலாளிக்கு உங்க கிளியனூர்லதாங்க சம்பந்தி வீடு."

"அதுக்கு?"

"அன்னைக்கு உங்க பேரை நான் சொல்லியிருந்தா, சாயந்திரமே உங்க அப்பா காதுக்குப் போயிருக்கும். உங்க படிப்பு அன்னையோட முடிஞ்சிருக்கும்." "எனக்கு வேற வழி தெரியலைங்க."

அடப்பாவி... இதை எண்ணிப் பார்க்கவே இல்லையே!

"அதை... அடுத்த வாரமே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க வந்தாதானே? பஸ்ஸு வந்துச்சு, நீங்க இறங்கல. வர்ற பஸ்ஸெல்லாம் பார்த்துக்கினு நின்னேன். இங்க தனியா இருந்து எனக்குப் பழக்கம்தான்... ஆனா நீங்க வந்துட்டுப் போன பிறகு இருக்கற தனிமை இருக்குதே, அது வேறங்க. அதைத் தாங்க என்னால முடியல."

அவளுக்கு மட்டும் முடிந்ததாக்கும்! சுவரைப் பார்த்துக்கொண்டே கழிந்த சாயங்காலங்கள் எல்லாம் கண்முன் வந்தன.

மழை முதல் துளியை அவள் புறங்கையில் போட்டது.

"சீட்டு கெடைச்சா..." என்றான்.

"போயிடுவேன். ரெண்டு நாள் ரயில்ல போற ஊரு. நாலு வருசம்."

"போங்க... போகணும்."

"போவேன். உங்களுக்காக நின்னுட மாட்டேன். அதனாலதான் இப்பவே சொல்லிடறேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு..."

தேசப்பன் சட்டென்று திரும்பி, கட்டிய கயிற்றை அவிழ்த்து ஓலையை இழுக்க ஆரம்பித்தான்!

"ஐயோ, என்ன பண்றீங்க? மழை வருது!"

"வரைய வந்தேன்னு சொன்னீங்களே. மூடி வெச்சிருந்தா எப்படி வரைவீங்க?"

"உப்பு கரைஞ்சிடுங்க!"

"கரையட்டும்."

சிந்திய கல் உப்பைக் குனிந்து பொறுக்கினவன்... அவனா இப்படிச் சொல்கிறான்? மழை வலுத்தது. கண்ணில் வழிவது மழைதான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். முதல் முறையாக... உப்பு அரித்துச் சொரசொரத்த கை.

"வேணாம். மூடுங்க. மூடினதையே வரையறேன்."

இருவருமாக ஓலையை இழுத்துக் கட்டினார்கள். கொட்டகைக்குள் ஓடினார்கள். அவள் தாவணித் தலைப்பால் தாளைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழையில் குவியலின் பின்பக்கம்... இந்தப் பக்கம், வாசல் ஓரமாக, தலையெல்லாம் நனைந்து அவன்.

"நான் எங்கங்க உட்காரணும்?"

"அங்கயேதான். நகரக் கூடாது."

"எவ்ளோ நேரம்?"

ரேணுகா பென்சிலை எடுத்தாள். நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"நாலு வருசம்."

தேசப்பன் சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, ஒழுங்காக உட்கார்ந்துகொண்டான்.

"சரிங்க" என்றான்.