சுவருக்குப் போகும் சூடு

வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திறப்பைச் சாவியால் அரைச்சுற்று திருகினால், உள்ளே அடைந்து கிடக்கும் காற்று உஸ்ஸென்று வெளியே வர வேண்டும், அதன் பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் ஒரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், உடனே மூடிவிட வேண்டும். ஷோனாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய வேலை. அன்றைக்குச் சமையலறை ரேடியேட்டரைத் திருகியபோது அது காற்றை வெளியே விடவில்லை. உள்ளே இழுத்தது.

அவள் முதலில் நம்பவில்லை. தோளில் கிடந்த குழந்தைத் துணியின் முனையை அருகே கொண்டுபோனாள். முனை தானாகப் போய்த் திறப்பில் ஒட்டிக்கொண்டது. விரலை வைத்துப் பார்த்தாள். விட்டு விட்டு, நிதானமாக, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தது. கைக்குழந்தை மெய்சி பால் குடிப்பதும் இப்படித்தான். ஷோனா திறப்பை மூடி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

பயப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்குக் கொஞ்ச நாளாக எதுவுமே சரியாக உறைப்பதில்லை. மெய்சி மாதம் முடியாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, ஒருவழியாக வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். குளிப்பாட்டுகிறாள், பால் கொடுக்கிறாள், துணி மாற்றுகிறாள், எல்லாம் கையுறை போட்டுக்கொண்டு செய்வது மாதிரி. பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் பொங்கிக்கொண்டு வரும் என்றார்கள். ஒன்றும் வரவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கணவன் ஈவனிடம்கூட. அவன் வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் இருந்தான். திரும்பி வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

வீடு ஈவனுடைய பெரியப்பாவுடையது. அபர்டீன் நகரத்திலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே, ஒரு முழம் தடிமனுக்குக் கருங்கல் சுவர். பழைய எண்ணெய்க் கொதிகலனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஈவன் உயிராக வைத்திருந்த படகை விற்று, ஹீட் பம்ப் மாட்டவைத்தான். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும், பனியிலும் வேலை செய்யும் என்றார்கள். வெளியே பின்சுவரோரம் அந்தப் பெரிய பெட்டி ராப்பகலாக முனகிக்கொண்டுதான் இருந்தது. மின்சார மீட்டரும் அதற்குச் சளைக்காமல் ஓடியது. வீடு மட்டும் சூடாகவில்லை. வியாழக்கிழமைதோறும் வரும் நர்ஸ், தொட்டிலுக்கு மேலே மாட்டிய வெப்பமானியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். போன வாரம் சொல்லியே விட்டாள். அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே இப்படியே இருந்தால் பிள்ளையை மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், இந்த எடையில் அது குளிர் தாங்காது.

பம்பை மாட்டிய டூகலை ஷோனா ஓயாமல் போனில் அழைத்தாள். அவன் முதலில் இவர்கள் மேலேயே பழியைப் போட்டான். "நீங்க அதைச் சாயங்காலம் ஏத்தி விடுறீங்க, காலையில அணைக்கிறீங்க. அது என்ன கேஸ் அடுப்பாம்மா? கோழி அடைகாக்குற மாதிரி அது பாட்டுக்கு மெதுவா ஓடணும். கை வைக்காதீங்க." கை வைக்காமலும் பார்த்தாள். வீடு இன்னும் குளிர்ந்தது. கடைசியில், பனிப்புயல் வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று மத்தியானம், டூகல் தானே வந்து நின்றான்.

வந்தவன் எல்லாக் குழாயையும் தொட்டுப் பார்த்தான், மீட்டர்களை மாட்டினான், தலையைச் சொறிந்தான். பம்ப் நன்றாகத்தான் வேலை செய்கிறது, நல்ல சூடாகத் தண்ணீரை அனுப்புகிறது, ஆனால் திரும்பி வரும் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்போலச் சில்லென்று வருகிறது என்றான்.

"உங்க ரேடியேட்டர் அத்தனையும் சேர்ந்தாக்கூட இவ்வளவு குடிக்காதும்மா," என்று சிரித்தான். "வேற யாரோ குடிக்கிறாங்க."

சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா ஒன்றை வைத்திருந்தான். சூடான இடம் ஆரஞ்சு, கதகதப்பான இடம் மஞ்சள், குளிர்ந்த இடம் நீலம். அதைத் தரைக்குக் காட்டியபடியே சமையலறைக்குள் நடந்தான். கல் பாவிய தரைக்கு அடியில் ஒரு ஆரஞ்சுக் கோடு தெரிந்தது. கோடு நேராகப் போய், பச்சைப் பெயின்ட் அடித்த பலகைச் சுவருக்குள் நுழைந்தது. டூகல் பலகையைத் தட்டினான். உள்ளே வெற்றிடம்.

அது என்ன என்று ஷோனாவுக்குத் தெரியும். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சமையலறைச் சுவருக்குள்ளேயே அலமாரி மாதிரி கதவு வைத்துக் கட்டில் இருக்கும். குளிருக்கு உள்ளே படுத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இந்த வீட்டுக் கட்டிலைப் பெரியப்பாதான் பலகை அடித்து மூடினார். ஏன் என்று ஈவன் ஒருமுறை கேட்டதற்கு, அதில் படுத்தால் குளிருகிறது என்று மட்டும் சொன்னாராம்.

கேமராவில் பலகைக்குப் பின்னால் ஆரஞ்சாக ஏதோ தெரிந்தது. ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த நீளம்.

டூகல் அதை நெடுநேரம் பார்க்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. தரைக் கல்லைப் பேர்க்கச் சோம்பல்பட்டுப் பழைய குழாய்களையே இழுத்து மாட்டியது அவன்தான். அதில் ஒரு கிளை கட்டிலுக்குள் போவது அவனுக்குத் தெரியாது. மாடிப்படிக்குக் கீழே படுத்து அந்தக் கிளையை அறுத்தான், மூடி போட்டு இறுக்கினான். "இனிமே ஒரு சொட்டு போகாது," என்றான். வீடு முழுக்க மஞ்சளாக வருகிறதா என்று சாயங்காலம் பார்க்கச் சொல்லிக் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, சாலை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வண்டியை எடுத்தான். அதற்குள்ளேயே இருட்டிவிட்டது. டிசம்பரில் இந்த ஊரில் மூன்றரை மணிக்கே ராத்திரிதான்.

சூடு வந்தது. சொன்னால் சொன்னபடி வந்தது. ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாக டிக் டிக்கென்று விரிந்துகொள்ளும் சத்தம் மாடியிலிருந்து கீழே வரை கேட்டது, கண்ணாடி ஜன்னல்களில் ஆவி படிந்து வெளியே கொட்டும் பனி மறைந்தது, காயப்போட்ட குழந்தைத் துணிகளிலிருந்து சோப்பு வாசனை எழுந்து அறை முழுக்கப் பரவியது, அவள் மாதக்கணக்கில் கழற்றாத கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். தொட்டிலுக்கு மேலே இருந்த வெப்பமானி இருபதைத் தொட்டது. அதைப் படம் எடுத்து ஈவனுக்கு அனுப்பினாள். 'பாத்தியா, என் படகு வீண் போகல,' என்று பதில் வந்தது. இனி மெய்சியை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். இப்போதாவது சந்தோஷம் வரும் என்று ஷோனா காத்திருந்தாள். வரவில்லை. உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள்.

பலகைக்குப் பின்னால் மரம் முனகியது.

சூட்டில் பழைய மரம் அசையத்தான் செய்யும். ஆனால் அந்தப் பக்கம் இப்போது சூடு இல்லை. மறுபடி முனகியது, இந்தத் தடவை நீளமாக, நெடுநாள் படுத்திருந்த ஒருவர் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்காரும்போது வரும் சத்தம். நனைந்த கம்பளி நாற்றமும் பழைய சாம்பல் நாற்றமும் சேர்ந்து அவள் முகத்தைக் கடந்து போயின. மாடிப்படியில் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மேலே மெய்சி தூங்கும் அறையின் கதவு மட்டும் மெல்லத் திறந்தது.

மெய்சி பாலுக்கு அழ வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. அழவில்லை.

ஷோனா கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். அறை கதகதப்பாக இருந்தது. வெப்பமானி இருபதுக்கு மேலே நின்றது. தொட்டிலுக்குள் கை விட்டாள். கன்னம் சில்லென்றிருந்தது. கை, கால், வயிறு. எல்லாம். உதடு கறுத்திருந்தது. மூச்சு இருந்தது, மெல்லிசாக.

தொட்டில் மெத்தையில் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம்.

பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு கீழே வந்தாள். அவசர எண்ணுக்கு அழைத்தாள். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் முன்னால் பனி தள்ளும் லாரி போனால்தான் அது வர முடியும், அதுவரை பிள்ளையை உடம்போடு ஒட்டி வைத்திருங்கள் என்றாள். ஒட்டித்தான் வைத்திருந்தாள். போர்வைக்கு மேல் போர்வை சுற்றினாள். ரேடியேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பிள்ளை இன்னும் குளிர்ந்தது. மேஜைமேல் கேமரா இருந்தது. எடுத்தாள்.

சமையலறை மஞ்சள். ரேடியேட்டர் ஆரஞ்சு. அவள் கை ஆரஞ்சு. மடியில் நீலம்.

ஒரு கை. ஒடுங்கிய தோள். பிள்ளையைச் சுற்றி வளைந்திருந்தது. முகத்தோடு முகம் வைத்திருந்தது. கேமராவை விலக்கினால் ஒன்றும் இல்லை. போர்வைதான். மறுபடி வைத்தாள். நீலத்தின் நடுவே மெய்சி, அணையப்போகும் கங்கு அளவுக்கு.

அப்போதுதான் வந்தது. இத்தனை நாள் வராதது எல்லாம் ஒரே மூச்சில் அடிவயிற்றிலிருந்து வந்தது. என் பிள்ளை. என் பிள்ளையை விடு. பயமும் ஆத்திரமும் ஆசையும் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். குழாயைத் திறந்துவிடலாம் என்றால் திறக்க அங்கே ஏதும் இல்லை. டூகல் அறுத்து மூடிவிட்டான். கட்டிலிலிருந்து எழுந்து வந்த அதற்குச் சூடு வேண்டும். யாருடையதாக இருந்தாலும் சரி.

மெய்சியைக் கூடையில் படுக்கவைத்து ரேடியேட்டரை ஒட்டித் தள்ளினாள். கூடையும் பலகையும் படத்தில் விழும்படி கேமராவைக் கெட்டிலில் சாய்த்து, அதன் மடக்குத் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். சட்டையைக் கழற்றினாள். பச்சைப் பலகையில் வெறும் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தாள்.

"அது சின்னது," என்றாள். "அதுகிட்ட என்ன இருக்கு? இங்க வா. நான் இருக்கேன், வா."

சின்னத் திரையில் கூடைக்கு மேலிருந்த நீலம் நிமிர்ந்தது. அவளைப் பார்த்துத் திரும்பியது. பிறகு கூடைக்கு மேல் மஞ்சள் மட்டும் இருந்தது.

பிடரியில் முதலில் பட்டது. மெதுவாக. கழுத்தைச் சுற்றி. நன்றி சொல்வதுபோல இடுப்பைச் சுற்றி.

கூடையில் மெய்சி சிவந்தாள். உதடு சிவந்தது, கன்னம் சிவந்தது, ஒரு குட்டிக் கால் போர்வையை உதைத்தது. ஷோனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி வரும்வரை உட்கார்ந்திருந்தால் போதும். வலிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குளிரவும் இல்லை. மரத்துப் போவது அவளுக்குப் புதிதில்லை.

ஜன்னலில் வெளிச்சம் ஏதும் வரவில்லை. வெளியே பெட்டி முனகிக்கொண்டிருந்தது.

மெய்சி அழுதாள். நல்ல, பலமான, பசி அழுகை. ஷோனா எழுந்தாள். எழுந்ததாக நினைத்தாள். கால் அசையவில்லை. கையைத் தூக்கினாள். கை மடியிலேயே கிடந்தது. திரையைப் பார்த்தாள். பலகை எங்கே முடிகிறது, அவள் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே நீலம்.

பிள்ளை வீறிட்டது. பால் சுரந்தது.

அவள் உடம்புக்குத் தெரியவில்லை, திரையில்தான் பார்த்தாள். நீலத்துக்கு நடுவே இரண்டு சிறிய வட்டங்கள் ஆரஞ்சாக. அவளிடம் மிச்சம் இருந்த சூடு.

அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு நீலத் தலை, அவசரமே இல்லாமல், அதை நோக்கிக் குனிந்தது.

விட்டு விட்டு. இழுத்து. நிறுத்தி. மறுபடி இழுத்து.