கழுவக் கழுவ வந்த சேறு

மூடிக் கிடந்த சாயப் பட்டறையின் கழிவுக் குழியைத் தோண்டி அள்ளும் வேலை. அவளும் கணவனும் அதில் சேர்ந்து மூன்றாம் நாள். குழிக்குள் இறங்கும் ஆறு பேரில் அவன் ஒருவன். ஏறி வருகிறவர்களின் ரப்பர் உடுப்பைத் தகரக் கொட்டகையில் நின்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அவள் வேலை.

நாற்றம் சொல்லி மாளாது. அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்த வாடை தொண்டையில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் அதுவும் சேர்ந்து இறங்கும்.

அன்று மதியம் முகமூடியைக் கழற்றாமலே ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு போனார்கள். கடைசியாக ஒருவன் வந்து நின்றான். முகமூடிக் கண்ணாடி முழுக்கச் சேறு. உயரத்தைப் பார்த்துக் கணவன் என்றே நினைத்தாள்.

"என்னங்க, குழியில விழுந்து புரண்டீங்களா? இப்படி அப்பியிருக்கு!"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

பீய்ச்சினாள். தோளைக் கழுவினால் மார்பில் வழிந்தது. மார்பைக் கழுவினால் மறுபடி தோளில். பிரஷ் வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் பிரஷ் உள்ளே அமுங்கியது.

எலும்பு தட்டவில்லை.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?"

கணவனின் குரல். முதுகுக்குப் பின்னாலிருந்து. தலை துவட்டிய துண்டோடு வாசலில் நின்றிருந்தான்.

அப்போதுதான் கவனித்தாள். சேறு கண்ணாடிக்கு வெளியே இல்லை.

உள்ளே இருந்தது. அதிலிருந்து பற்கள் வந்து கண்ணாடியில் அழுந்தின.

"இன்னும்... கழுவு..."

கணவன் அவளைப் பிடித்து இழுத்தான். உடுப்பு அப்படியே மடிந்து சரிந்தது. கழுத்து வழியாகக் கறுத்த கூழ், கற்றை கற்றையாக மயிரோடு, கொழகொழவென்று வெளியே வந்தது. பள்ளத்திலிருந்த வடிகாலுக்குப் போகவில்லை. மேடேறி, அவள் காலை நோக்கி நகர்ந்தது.

அங்கேயே வாந்தி எடுத்தாள்.

"குழி வாயு தலைக்கேறியிருக்கும்மா," என்றபடி வந்த மேற்பார்வையாளர், உடுப்பைக் குச்சியால் புரட்டியதும் வெளுத்துப்போனார்.

"இது நம்ம உடுப்பு இல்லையே. இந்த மாதிரி உடுப்பு வர்றது நின்னு எத்தனை வருஷமாச்சு..."

இருவரும் அன்றே வேலையை விட்டார்கள். ஒரு மாதத்தில் ஊரின் மறுகோடிக்கு வீடும் மாறியாயிற்று.

ஒரு காலை. கணவன் இன்னும் எழவில்லை. தம்ளரில் தண்ணீர் மொண்டு வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். மேலே பல நிறத்தில் மினுங்கும் எண்ணெய்ப் படலம். பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள்.

தம்ளரின் உள்ளே, அடியில், கறுப்பாக ஒரு உதட்டுத் தடம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லத் திறந்தது.