ஏசி பில்டரில் உளுந்துத் தூசி

மூட்டை தூக்கிய காலத்துத் தோள்வலி, குனிந்தால்தான் நெடுஞ்செழியனுக்குத் தெரியும். கார்க் கதவைத் திறந்துவைத்து, தரையில் மண்டியிட்டு, முன்சீட்டின் மேல் கவிழ்ந்து தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்திருந்ததில், வலது தோள்பட்டையிலிருந்து கழுத்து வரைக்கும் யாரோ காய்ச்சிய கம்பியைச் செருகி இழுப்பது போலிருந்தது. பங்குனி வெயில், மணி மூன்று. சாவி சட்டைப்பையில் கிடந்தது. என்ஜின் காலையிலிருந்து ஓடவில்லை. ஆனாலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து காற்று வந்து கன்னத்தில் பட்டது. வெதுவெதுப்பாக வந்து, நின்று, வந்த வழியே திரும்பிப் போனது.

ஐந்து நாளாக ஏசி போட்டால் இதே நாற்றம். முதலில் காய்ந்த உளுந்துச் செடியின் புழுதி, அதற்கடியில் வாயில் ஊறிய புகையிலை, அதற்கும் அடியில் நாள் முழுக்க வெயிலில் நின்ற உடம்பின் வியர்வை. சவாரி ஏறியவர்கள் கேட்காமலே கண்ணாடியை இறக்கினார்கள். ஏழு வயது மகள் செம்மொழிக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. இந்த ஐந்து நாளில் அது ஒரு மணி நேரம்கூட அவளை விடவில்லை. பில்டர் அடைத்திருக்கும் என்று அவனே சொல்லிக்கொண்டு பட்டுக்கோட்டையில் புதிது வாங்கி வந்தான்.

“நெல்லு மூட்டை தூக்குன கைக்கு இதெல்லாம் வருமா? மெக்கானிக்கக் கூப்புடுங்களேன்” என்றாள் மனைவி கனிமொழி.

மெக்கானிக் வந்தால் குனிந்து வண்டியின் அடியைப் பார்ப்பான். அதை நெடுஞ்செழியன் அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து நாளுக்கு முன்னால், இருட்டுகிற நேரம். மகள் பின்சீட்டில் தாய் மடியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டிக்கொண்டு போனான். ஊர் எல்லை தாண்டியதும் வயல்காரர் ரெத்தினத்தின் அறுத்த உளுந்துச் செடி ரோட்டில் பரப்பிக் கிடந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் அதை விலகிப் போவதில்லை; வண்டி ஏறினால்தான் நெற்று உடையும், அதற்காகத்தான் பரப்பியே வைப்பார்கள். இவனும் ஏறினான். ஓரமாக ஒதுக்கிக் குவித்திருந்த செடியின் மேல் இடது சக்கரம் ஏறி இறங்கியது. சருகு நொறுங்குகிற சத்தம் வரவில்லை. கல் என்று நினைத்துக்கொண்டான். கல் அப்படி அமுங்காது என்பது சுமை தூக்கியவனுக்குத் தெரியும். பின்சீட்டில் கனிமொழி தலையைத் தூக்கினாள். “கல்லுதான்” என்றான் அவன்.

மறுநாள் டீக்கடையில் ரெத்தினமே சொன்னார். செடி கிளற வந்த கூலிக்காரி, வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருக்கும் காத்தாயி, அலுப்பில் குவியலுக்குள் சாய்ந்துவிட்டிருக்கிறாள். எந்த வண்டியோ நெஞ்சில் ஏறியிருக்கிறது. உடனே சாகவில்லை.

“விடிய விடிய இளைச்சுக்கிட்டே கெடந்திருக்கா. கேட்டவங்க ஏதோ நாயின்னு நெனச்சிருக்காங்க” என்றார். பிறகு இவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “நம்ம பக்கத்து வண்டியா இருக்காதுப்பா. நம்ம ஆளுன்னா எறங்கிப் பாத்திருப்பான்.”

அவர் குடித்த டீக்கும் சேர்த்து இவன் காசு கொடுத்தான்.

இப்போது முன்சீட்டுக்கு எதிரே உள்ள சாமான் பெட்டியை இரண்டு பக்கமும் நெருக்கினான். அது கழன்று தொங்கியது. பின்னால் நீளவாக்கில் ஒரு மூடி. கொக்கியை நெம்பி எடுத்தான். உள்ளே பில்டர். மடிப்பு மடிப்பாகக் கறுத்து, இடுக்கெல்லாம் உளுந்துச் சருகு. வீட்டு ஜன்னல் வழியே மகளின் இளைப்பு கீச்சுக்கீச்சென்று கேட்டது.

மடிப்புகள் விரிந்தன. சுருங்கின. விரிந்தன.

வற்றிய மாட்டின் விலா போல. மகளின் கீச்சு எழும்போது சுருங்கின. அடங்கும்போது விரிந்தன. ஒன்று விட்டதைத்தான் மற்றது இழுத்தது.

பிடித்து வெளியே உருவினான். ஈரம். சூடு.

ஜன்னல் பக்கம் சத்தம் நின்றது.

“என்னங்க.” கனிமொழியின் குரல். “புள்ள மூச்சே விடலங்க.”

எழுந்திருக்கத் தோன்றவில்லை அவனுக்கு. கை புது பில்டரைத் தேடியது. உறையைப் பல்லால் கிழித்தான். அதன் ஓரத்தில் அச்சிட்டிருந்த அம்புக்குறி கீழே பார்க்க வேண்டும். பார்த்தது. தள்ளினான். வீட்டுக்குள் மகள் வீறிட்டு மூச்சை இழுத்தாள்.

கனிமொழி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். “வண்டிய எடுங்க.” அவன் உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள, முன்சீட்டில் உட்கார்ந்தாள். செம்மொழியின் கால் அவன் தோளில் இடித்தது.

தற்செயலா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பில்டரை இரண்டு விரல்கடை வெளியே இழுத்தான்.

பிள்ளையின் தொண்டைக்குழி உள்ளே போனது. உதடு நீலம். கண் மேலே.

திரும்பத் தள்ளினான்.

நெஞ்சு ஏறியது. மடிப்பு சுருங்கியது. நெஞ்சு இறங்கியது. மடிப்பு விரிந்தது. வெள்ளைத் தாள் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. புகையிலை வாடை.

கனிமொழி அந்த ஓட்டையைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். மகளின் நெஞ்சைப் பார்த்தாள்.

“அன்னிக்கு அது கல்லு இல்லைங்களா?”

பில்டர் மெல்ல வெளியே நகர்ந்து வந்தது. உள்ளங்கையால் அழுத்தினான். அது திரும்பத் தள்ளியது. முன்னைவிடப் பலமாக.

வலிக்கிற தோளையே அதற்கு முட்டுக் கொடுத்தான்.

இன்னும் பொழுதுகூடச் சாயவில்லை. காத்தாயிக்கு அவன் தர வேண்டியது ஒரு முழு ராத்திரியின் மூச்சு.